கீத்தின் சப்பாத்தும் மேல்மாடிக் குழாயும்

தண்ணீரில் கிருமி தேடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிருமி கிடைத்தால் பயப்படாதீர்கள். அதைத் தேடத்தானே சம்பளம் தருகிறார்கள். கிருமி வளர்க்கும் தட்டில் எதுவுமே முளைக்காததைக் கண்டால்தான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் லண்டனில் இந்த வேலையைச் செய்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது உங்கள் மேசைகளில் இருக்கும் இயந்திரங்களின் பெயர்கூட என் வாயில் சரியாக வராது. ஆனால் வந்த முடிவை நம்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற அந்தக் கணம் அன்றும் இன்றும் ஒன்றுதான். அந்தக் கணத்தில் நான் பெரும்பாலும் சரியாகவே நடந்துகொண்டேன். தன்னடக்கம் எனக்கு எப்போதும் ஒத்துவந்ததில்லை. சந்தேகமிருந்தால் என் மனைவியைக் கேளுங்கள், இன்னும் விரிவாகச் சொல்வாள்.

எங்கள் பிரிவுத் தலைவி ஒரு ஸ்கொட்லாந்துக்காரி. குரல் உயர்த்த மாட்டார், ஆனால் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம். அவர் அடிக்கடி சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. நாங்கள் தண்ணீரைச் சோதிப்பதில்லை, ஒரு போத்தலைச் சோதிக்கிறோம். அந்தத் தண்ணீர் போத்தலுக்குள் எப்படி வந்தது என்பது யாரோ சொல்லும் கதை. எத்தனையோ முறை காதில் விழுந்து சலித்துப்போன வாசகம் அது. தோர்ண்டன் ஹீத் விவகாரம் வந்தபோதுதான் அதன் முழு அர்த்தம் எனக்கு விளங்கியது.

எண்பதுகளின் பிற்பகுதி. யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டு எங்கள் ஊர் இளம் பெடியள் கூட்டம் கூட்டமாக லண்டனுக்கு வந்துகொண்டிருந்த காலம். தென் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில், பரமேஸ்வரி அக்கா என்ற ஒருவர் பழைய இரண்டு மாடி வீடு ஒன்றை நடத்திவந்தார். கீழே அவரும் மகளும். மேல்மாடி அறைகளில் பெற்றோல் நிலையங்களிலும் உணவகங்களிலும் ஷிப்ட் வேலை செய்யும் பெடியள். அவர்களுக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்டது அக்காதான். அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கும் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பார். நான் குடியிருந்தது லண்டனின் மறு கோடியில், ரெய்னர்ஸ் லேனில். அக்காவை நான் கண்டதில்லை. ஆனால் யாரோ ஒருவரின் பிள்ளையின் பிறந்தநாளில் அவர் சுட்ட வடையைச் சாப்பிட்டிருக்கிறேன். நல்ல வடை.

அந்த வீட்டுப் பெடியள் ஒருவர் பின் ஒருவராக வயிற்றால் போய்க் காய்ச்சலோடு படுத்தார்கள். சிவநேசன் என்ற பெடியனை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. நோயாளிகளின் மலத்தில் கிடைத்தது கம்பைலோபக்டர் என்ற கிருமி. உங்களுக்குத் தெரியும், அந்தப் பெயரைக் கேட்டதும் எந்தச் சுகாதார அதிகாரியும் கோழியைத்தான் நினைப்பார். சரியாக வேகாத கோழி, கழுவாத கத்தி, அசுத்தமான அடுக்களை. உள்ளூர்க் கவுன்சிலின் சுகாதாரப் பிரிவில் இருந்து அனுப்பப்பட்ட கீத் என்ற இளைஞரும் அதையே நினைத்தார். அக்கா வாரத்தில் பல நாள் கோழிக் கறி சமைப்பவர். கணக்குப் பொருந்திவிட்டது. ஒப்புக்குத் தண்ணீரையும் எடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தார். தண்ணீர் சுத்தம் என்று எங்கள் அறிக்கை வந்தவுடன், புதன்கிழமை அக்காவின் அடுக்களையை மூடும் உத்தரவு போவதாக ஏற்பாடு.

அடுக்களை போனால் அக்காவுக்கு வீடும் போகும், பெடியளுக்குத் தங்கும் இடமும் போகும். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று முன்பே தொடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை விம்பிள்டன் கோயிலுக்குப் போய்வந்த என் மனைவி, தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பொம்பிளை சாப்பாட்டில் எதையோ கலந்து பெடியளைக் கொல்லப் பார்த்தாளாம் என்ற கதையோடு வந்தாள். வாய்க்கு வாய் கதை வளரும் வேகத்தில் எந்தக் கிருமியும் வளராது. அக்கா அதைக் கேள்விப்பட்ட அன்றே அடுப்பை அணைத்துவிட்டாராம். உத்தரவு வருமுன்பே தானாக அணைத்துவிட்டார்.

இப்போது என் மேசைக்கு வருவோம். கீத் அனுப்பிய போத்தல்களில் இருந்து போட்ட தட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மலக்கிருமி இல்லை. கம்பைலோபக்டர் இல்லை. அதெல்லாம் சரி. ஆனால் எதுவுமே இல்லை. லண்டன் குழாய்த் தண்ணீர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதில் ஒரு தீங்கும் செய்யாத சில்லறைக் கிருமிகள் நாலைந்தாவது இருக்கும். தட்டைச் சில நாள் விட்டுவைத்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைக்கும். இந்தத் தட்டுகளோ கழுவிக் கவிழ்த்த கண்ணாடி மாதிரி இருந்தன. என்னுடன் வேலை செய்தவர்கள், அப்பாடா, ஒரு வேலை முடிந்தது என்றார்கள். கையெழுத்துப் போட வேண்டியது நான்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது. குளிர்ப்பெட்டியில் மிச்சம் வைத்திருந்த போத்தலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் இருந்து மெல்லிய வெள்ளைச் செதிள்கள் கிளம்பி மிதந்தன. எங்கோ பார்த்தது போல இருந்தது. எங்கே என்று யோசித்தபடி ஆய்வுகூடத் தேநீர் மூலைக்குப் போய், தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலின் மூடியைத் திறந்தேன். அதே செதிள். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கொதிக்க வைத்தால் வெள்ளையாக உரிந்து மிதக்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான். கொதிக்காத பச்சைத் தண்ணீரில் அது வராது. கீத் அனுப்பியது குழாய்த் தண்ணீர் அல்ல, யாரோ கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர்.

கீத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நல்ல மனிதர், சிரித்துப் பேசுபவர். எந்தக் குழாயில் எடுத்தீர்கள் என்று கேட்டேன். குழாயிலா, என்று இழுத்தார். பிறகு சங்கடத்தோடு விஷயத்தைச் சொன்னார். அந்த வீட்டில் வாசலில் வரிசையாகச் சப்பாத்துகள் கழற்றி வைக்கப்பட்டிருந்தனவாம். உள்ளே போவதென்றால் தானும் கழற்ற வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் அன்று காலை அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்த காலுறையில் பெருவிரல் வெளியே தெரியும் அளவுக்கு ஓட்டை. கழற்ற வெட்கம், கழற்றாமல் உள்ளே போகவும் மனமில்லை. அவர் தயங்கி நிற்பதைப் பார்த்த அக்கா போத்தல்களைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போய் நிரப்பி வந்து கொடுத்திருக்கிறார். மரியாதையான பெண்மணி, தேநீரும் தந்தார் என்றார் கீத்.

பிரிவுத் தலைவியிடம் போனேன். போத்தலையும் கேத்திலையும் அவர் மேசையில் வைத்து, கீத் சொன்னதைச் சொன்னேன். இரண்டையும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பெண்ணை உனக்குத் தெரியுமா?"

"அவரைத் தெரியாது. அவருடைய வடையைத் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. உன் சொந்த மக்கள் என்பதால் இளகுகிறாய் என்று கவுன்சிலில் பேசுவார்கள், அதை யோசித்தாயா என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது. ஆனால் நியாயமான கேள்வி. உங்களில் பலரும் ஒருநாள் இதே கேள்விக்கு முகம் கொடுப்பீர்கள், அதனால் நான் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன். என் பெயரைக் காப்பாற்றுவதென்றால் இந்தப் பூச்சியத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன், அதுதான் சுலபம். அந்த வீட்டில் மிச்சமிருக்கும் பெடியள் இன்னும் நாம் சோதிக்காத தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அடுத்த வாரமும் ஒரு போத்தல் வரும், என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஆய்வுகூடத்து ஆட்கள் வீடுகளுக்குப் போவது வழக்கமில்லை, ஆனால் போகக்கூடாது என்று எங்கும் சொல்லப்படவும் இல்லை என்றார். போத்தல்களை எடுத்துக்கொண்டு ரயிலேறினேன்.

கதவைத் திறந்த அக்காவுக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். கண்கள் வீங்கியிருந்தன. நான் தமிழில் பேசியதும் முகம் மலரும் என்று நினைத்தேன். மாறாக இன்னும் இறுகியது. நம்மவன் ஒருவன் முன்னால் தலைகுனிவது அவருக்குக் கூடுதல் வேதனை போலும். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நேரே அடுக்களைக்குப் போனேன். அப்படித் துடைத்து வைத்த அடுக்களையை நான் ஆஸ்பத்திரியிலும் கண்டதில்லை. அடுப்பு மட்டும் குளிர்ந்து கிடந்தது. மூலையில் மூடி போட்ட பெரிய பானை ஒன்று.

"அக்கா, அண்டைக்கு வந்த கவுன்சில் ஆளுக்கு எந்தத் தண்ணி நிரப்பிக் குடுத்தனீங்கள்?"

"கொதிச்சாறின தண்ணிதான். பின்னை, வீட்டுக்கு வந்த மனிசனுக்குப் பச்சைத் தண்ணியோ குடுக்கிறது? அதுவும் கவுன்சில் கந்தோர் ஆள்."

அந்தப் பானையைக் காட்டினார். காலையில் கொதிக்க வைத்து ஆற விடுவாராம். சாப்பாட்டோடு எல்லோரும் குடிப்பது அதைத்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைக் கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது. கீத்துக்கு வெட்கம், அக்காவுக்கு உபசாரம். இரண்டும் நல்ல குணம். இரண்டும் சேர்ந்து ஒரு பொய்யான போத்தலை எனக்கு அனுப்பிவிட்டன.

அக்காவும் மகளும் அதே கோழியைச் சாப்பிட்டும் நோய்ப்படவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த சிவநேசனோ பிறந்ததில் இருந்து சைவம், முட்டைகூடத் தொடாதவன் என்று அக்கா சொன்னார். இதை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவரும் பதில் சொல்லவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான். படுத்தவர்கள் அத்தனை பேரும் மேல்மாடிக்காரர்கள்.

மேலே ஏறிப்போனேன். குளியலறையில் கைகழுவும் தொட்டிக்கு மேலே பல்தூரிகைகள், பக்கத்தில் ஓர் எவர்சில்வர் குவளை, எங்கள் பேச்சில் பேணி, கவிழ்த்து வைத்திருந்தது. ஓர் ஆங்கிலேயர் பார்த்தால் பல் துலக்கி வாய் கொப்பளிக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார். நானோ அவர்கள் ஊர் ஆள், பேணி கவிழ்த்திருக்கும் இடத்தில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கீழே வந்து, மேலேயும் குடிக்கிறார்களோ என்று கேட்டேன்.

"கீழ வந்து பானையில குடியுங்கோ எண்டுதான் சொல்லுறனான், தம்பி. ஷிப்ட் முடிஞ்சு களைச்சு வாறவங்கள், ஆர் படி இறங்கிறது? குழாய் எண்டா எல்லாம் ஒரே குழாய்தானே."

ஒரே குழாய் அல்ல. அந்தக் காலத்து லண்டன் வீடுகளில் அடுக்களைக் குழாய்க்கு மட்டும் தெருவில் இருந்து நேராகத் தண்ணீர் வரும். மேல்மாடிக் குளியலறைக்கு, கூரைக்கு அடியில் இருக்கும் தொட்டியில் தேங்கி நின்றுதான் வரும். குளியலறைத் தண்ணீரைக் குடிக்காதே என்று இங்கே பிறந்த பிள்ளைக்குத் தாய் சொல்லிக் கொடுத்துவிடுவாள். அது அவர்களுக்கு மூச்சு விடுவது போல. அதனாலேயே வந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மேல்மாடிக் குழாயில் யாரோ குடிப்பார்கள் என்று கீத்தும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

ஏணி வைத்துக் கூரைக்குள் தலையை நீட்டினேன். ஓடு உடைந்த இடத்தில் வானம் தெரிந்தது. தொட்டியின் மூடி பாதி விலகியிருந்தது. விளிம்பெல்லாம் புறா எச்சம், இறகு. கோழியிடம் இருக்கும் அதே கிருமி புறாவிடமும் இருக்கும். குளியலறைக் குழாயில் முதல் சொட்டில் இருந்தே போத்தல்களை நிரப்பிக்கொண்டேன்.

இனித்தான் உங்களுக்காக நான் சொல்ல வந்த இடம். என்னிடம் அப்போது ஆதாரம் என்று எதுவும் இல்லை. சில இறகும் ஒரு பேணியும் மட்டும்தான். தட்டுகள் முளைக்க நாளாகும். அந்தக் கிருமி வேறு, தண்ணீரில் இருந்து பிடிக்க மிகவும் சிரமம் தரும். தண்ணீரில் இருந்தாலும் தட்டில் வராமல் போகலாம். அப்படிப் போனால், தன் சாதிசனத்தைக் காப்பாற்ற வேலை நேரத்தில் ஓடிய ஆள் என்ற பெயர் எனக்கு நிரந்தரமாகும். அன்று திங்கட்கிழமை, அடுத்த நாள் உத்தரவு தயாராகும். நான் ஆய்வுகூடத்துக்குத் திரும்பி, முடிவு வரும்வரை வாய் மூடியிருப்பது விதிப்படி சரி. ஆனால் மாலையில் ஒரு பெடியன் வேலை முடிந்து வந்து அந்தப் பேணியை நிமிர்த்துவான்.

பேணியை எடுத்துவந்து அக்காவிடம் கொடுத்தேன். மேலே எந்தக் குழாயிலும் ஒருவரும் குடிக்கவோ பல் துலக்கவோ வேண்டாம், இது என் சொல், இன்றிலிருந்தே, என்றேன். இதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இருந்ததா என்று பின்னால் பலர் கேட்டார்கள். இல்லை. மறுபடி அப்படி நேர்ந்தால் மறுபடியும் சொல்வேன். முடிவு வரக் காத்திருக்கலாம், எச்சரிக்கை காத்திருக்கக் கூடாது.

அக்கா பேணியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என்ரை கறி இல்லையோ?"

"இல்லை எண்டுதான் நினைக்கிறன், அக்கா. ஆனா இன்னும் எழுதித் தர ஏலாது."

அவர் அழுதார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தெருமுனைத் தொலைபேசியில் இருந்து கீத்தை அழைத்து நடந்ததைச் சொன்னேன். கோபப்பட்டார். அவருடைய மாதிரி செல்லாது என்று நான் எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். என் காலுறையில் ஓட்டை என்று மேலதிகாரியிடம் சொல்லச் சொல்கிறாயா என்று கத்தினார். மாதிரி சோதனைக்கு உகந்ததல்ல என்று மட்டும் எழுதுவேன், காரணம் எழுத மாட்டேன், அதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம் என்றேன். இதிலும் உங்களுக்கு ஒரு பாடம் உண்டு. சக தொழிலாளியின் பிழையைத் திருத்த வேண்டியது கடமை. அதை ஊரறியப் பறையடிக்க வேண்டியது கடமை அல்ல. அவருக்கு ஒரு கதவைத் திறந்து வையுங்கள், பெரும்பாலும் அவரே நடந்து வெளியே வருவார். கீத் வந்தார். மறுநாள் காலை தன் மேலதிகாரியிடம் ஓட்டை உட்பட எல்லாவற்றையும் தானே சொல்லி, உத்தரவை நிறுத்தி வைத்தார். அலுவலகமே சிரித்ததாம். அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

அன்றே என் தட்டுகளில் மலக்கிருமி நிறைந்து முளைத்தது. அது தண்ணீரில் எச்சம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் கிருமி. தொட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அதுவே போதும். நான் பயந்தது போல அந்தப் பொல்லாத கம்பைலோபக்டர் இழுத்தடித்தது. கிருமி வளர்க்கும் ஜாடிகள் பலவற்றில் தேடி, கடைசியில் ஒன்றில் அகப்பட்டது. தட்டைத் தலைவியின் மேசைக்குக் கொண்டுபோனேன். நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, அந்த வடை எப்படிச் செய்வது என்று கேள் என்றார். அவரிடம் இருந்து அதைவிடப் பெரிய பாராட்டை நான் பெற்றதில்லை.

தொட்டியை மாற்றி, கூரையைத் திருத்தி, மேல்மாடிக் குழாய்க்குப் பக்கத்தில் குடிக்க வேண்டாம் என்று தமிழிலும் எழுதி ஒட்டிய பிறகு, கீத்தும் நானும் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போனோம். சிவநேசன் திரும்பி வந்திருந்தான், மெலிந்துபோய், ஆனால் சிரித்தபடி. கீத் வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறை புத்தம் புதிது. என்னிடம் காட்டுவதற்காகவே காலைச் சற்று முன்னால் நீட்டினார். நேரே அடுக்களைக்குப் போய்த் தன் கையாலேயே போத்தல்களை நிரப்பினார்.

அடுப்பு அன்றும் எரியவில்லை. இனிச் சமைக்கலாம், உத்தரவு ஏதும் இல்லை, அடுக்களைக் குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று கீத் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அக்கா அசையவில்லை. கவுன்சில் சொல்லி ஆகப்போவது என்ன, கோயிலில் பேசிய வாய்கள் கேட்க வேண்டுமே என்றார். பிறகு ஏதோ தீர்மானித்தவர் போல எழுந்தார். அந்தப் பேணியையும் இன்னொன்றையும் எடுத்து, கழுவி, அடுக்களைக் குழாயில் நேராகப் பிடித்து நிரப்பி எங்கள் இருவர் முன்னாலும் வைத்தார். அவர் வாழ்நாளில் விருந்தாளிக்கு வைத்த முதல் பச்சைத் தண்ணீர் அதுவாகத்தான் இருக்கும்.

"நல்ல தண்ணி எண்டு சொல்லுறியள். ரெண்டு பேரும் குடியுங்கோ. பிறகு நான் உலை வைக்கிறன்."

கீத் என்னைப் பார்த்தார். "அம்மா என்ன சொல்கிறார்?"

"மாதிரி எடுக்கிறார்," என்றேன்.

இருவரும் குடித்தோம், அடிவரை. அக்கா இரண்டு பேணிகளையும் வாங்கி உள்ளே பார்த்தார். பிறகு குழாயைத் திறந்து பானையை நிரப்பி, அடுப்பைப் பற்ற வைத்தார்.